வயலினுக்குத் திறந்த படலை

இசையைப் பற்றிப் பேசுமிடத்துக் 'கலப்பு' என்ற சொல் நம்மிடையே ஒரு வசைச்சொல்லாகவே வழங்கி வருகிறது. பாலிலே நீரைக் கலப்பதும் அரிசியிலே கல்லைக் கலப்பதும் எத்தகைய குற்றமோ, அத்தகைய குற்றமே ஒரு நாட்டின் இசையோடு இன்னொரு நாட்டின் இசையைக் கலப்பதும் என்று எண்ணுவோர் பலர். சங்கீத சபைகளின் வரவேற்புரைகளிலும், பாடசாலைக் கலைவிழாக்களின் தலைமையுரைகளிலும் 'நமது இசையின் தூய்மை' என்ற தொடர் தவறாமல் ஒலிக்கிறது. அத்தூய்மையைக் காக்க வேண்டுமென்று ஒருவர் முழங்கிக்கொண்டிருக்கையில், அவருக்குப் பின்னாலே மேடையிலமர்ந்து இன்னொருவர் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார். இம்முரண்பாடு பேசுபவரையும் உறுத்துவதில்லை, கேட்பவரையும் உறுத்துவதில்லை.

உறுத்த வேண்டும் என்பதே நமது கருத்து. ஓர் இசைக்கருவியோ இசைமுறையோ எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கொண்டு அதன் தகுதியைத் தீர்மானிக்க முடியாது. வந்த பொருள் யாருடைய கைக்கு வந்தது, அக்கை அதனை என்ன செய்தது, அதனால் யாருடைய வாழ்வும் இரசனையும் வளம் பெற்றன என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள். அக்கேள்விகளை யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து இங்கே எழுப்பிப் பார்ப்போம்.

முதலில் இந்நாட்டின் பெயரையே எடுத்துக்கொள்வோம். சோழநாட்டிலிருந்து வந்த கண்ணற்ற பாணனொருவன் யாழிசைத்து அரசனை மகிழ்வித்து, இம்மணற்பிரதேசத்தைப் பரிசிலாகப் பெற்றான் என்பது ஐதிகம். ஐதிகம் வரலாறாகாது. ஆயினும் தன் ஊருக்கு ஒரு வந்தேறிக் கலைஞனின் பெயரைச் சூட்டிக்கொண்டதாக ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருப்பது சிந்திக்கத்தக்கது. அந்த யாழோ நம்மிடையே வழக்கொழிந்துவிட்டது. அதன் இனத்தைச் சேர்ந்த, வில்போல் வளைந்த நரம்புக் கருவியொன்று 'சவுங்' என்ற பெயருடன் பர்மாவிலே இன்றும் வாசிக்கப்படுகிறது. இங்கே மறைந்தது அயலான் வீட்டிலே பிழைத்திருக்கிறது. மட்டக்களப்புப் பிரதேசத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947ஆம் ஆண்டிலே 'யாழ் நூல்' என்னும் பெருநூலை வெளியிட்டபோது, பழந்தமிழ் நூற்புலமையோடு தாம் கற்ற விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் துணைக்கொண்டே மறைந்த யாழின் சுர அமைப்பை ஆராய்ந்தார். பழமையை மீட்பதற்கும் பிறர் தந்த அறிவு தேவைப்பட்டது.

இனி வயலினுக்கு வருவோம். கர்நாடக சங்கீதத்திலே இன்று இவ்வாத்தியமின்றி ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியைக் கற்பனை செய்தல் அரிது. ஆனால் இது நம்மிடம் வந்து சேர்ந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) சென்னையிலே மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ஐரோப்பியர் ஒருவரிடம் இதனைப் பயின்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் இதிலே வல்லவரானார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலினொன்றைப் பரிசளித்தார். முத்துசுவாமி தீட்சிதரோ கும்பினியாரின் வாத்தியக் குழுக்கள் இசைத்த மெட்டுக்களுக்குச் சங்கராபரண இராகத்தில் ஏறத்தாழ நாற்பது சாகித்தியங்களை இயற்றினார். நொட்டுஸ்வரம் எனப்படும் அவற்றுள் ஒன்றின் மெட்டு ஆங்கிலேயரின் அரசவாழ்த்து மெட்டேயாகும். வெள்ளையன் தன் அரசனை வாழ்த்திய மெட்டிலே தீட்சிதர் தம் தெய்வத்தை வாழ்த்தினார். ஆதிக்கம் செலுத்தியவனின் பொருளை வாங்கித் தம் தேவைக்கு ஆளாக்கிக்கொண்ட செயல் அது.

வந்த வயலின் வந்தபடியே இருக்கவில்லை என்பது இவ்விடத்து முக்கியமானது. ஐரோப்பியக் கலைஞன் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ அதனை நாடியின்கீழ் இடுக்கி வாசிப்பான். நம் கலைஞன் சப்பாணி கட்டித் தரையிலமர்ந்து, அதன் தலையைக் கணுக்காலிலே தாங்கவைத்தான். அதனால் இடக்கை பாரம் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டு நரம்பின்மீது தாராளமாக வழுக்கியோடலாயிற்று. ஐரோப்பியச் சுருதியமைப்பைக் கைவிட்டு நான்கு நரம்புகளையும் சட்ஜ பஞ்சமங்களாக அமைத்துக்கொண்டான். வீணைக்குள்ள மெட்டுகள் வயலினுக்கு இல்லாமையால் கமகங்களையெல்லாம் அதிலே இழைக்க முடிந்தது. மரமும் நரம்பும் வில்லும் ஐரோப்பாவினுடையவை. அவற்றிலிருந்து எழும் குரல் நம்முடையது. வந்த பொருளை உழைப்பினால் உருமாற்றித் தனதாக்கிக்கொள்ளும் இந்த ஆற்றலே ஒரு கலைமரபின் உயிர்ப்புக்கு அடையாளம். வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்வதற்கு ஒரு கடைக்காரன் போதும்.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை கர்நாடக சங்கீதமே கடல் கடந்து வந்த செல்வந்தான். தஞ்சைப் பிரதேசத்திலிருந்து வந்து இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களிலே குடியேறிய இசைக் குடும்பங்கள் நாதஸ்வரத்தையும் தவிலையும் இங்கு வேரூன்றச் செய்தன. 1960இல் மருதனார்மடத்திலே தொடங்கப்பெற்று 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்ற இராமநாதன் இசைக்கழகத்திலே மகாராஜபுரம் சந்தானம் போன்ற தமிழக வித்துவான்கள் தலைமை வகித்துப் போதித்தனர். ஆனால் இது ஒருவழிப் பாதையாக நின்றுவிடவில்லை. இணுவிலிலே 1933இற் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி பாக்குநீரிணையைக் கடந்து சென்று, தவிலின் தாயகமாகிய தஞ்சை மண்ணிலேயே வித்துவான்கள் வியந்து போற்றும்படி வாசித்தார். அவருடைய கணக்குகளும் விரல்நாதமும் தவிலிலே என்னென்ன சாத்தியம் என்பது பற்றித் தமிழகம் கொண்டிருந்த எண்ணத்தையே விரிவுபடுத்தின. வாங்கிய கடன் வட்டியோடு திருப்பிக் கொடுக்கப்பட்டது. பரிவர்த்தனை என்ற சொல்லின் முழுப்பொருளும் இதுவே.

இதனினும் நீண்ட பயணமொன்று இதே குடாநாட்டிலே தொடங்கியது. 1950களிலே யாழ்ப்பாணத்து இசைக் கல்லூரியொன்றிலே வி. லட்சுமிநாராயணா என்னும் வயலின் வித்துவான் பேராசிரியராகப் பணியாற்றினார். அவருடைய புதல்வர்களான வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூவரும் தந்தையிடமே வயலின் பயின்றனர். இளையவர்கள் இருவரும் பாலப்பருவத்தை இங்கேதான் கழித்தனர். பக்கவாத்தியம் என்ற நிலையிலிருந்து வயலினைத் தனிக்கச்சேரி வாத்தியமாக உயர்த்த வேண்டும் என்பது தந்தையின் இலட்சியம். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் இலங்கையை விட்டு இந்தியா சென்றது.

பின்னர் நிகழ்ந்தவற்றை உலகறியும். எல். சங்கர் 1970களிலே ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லோக்லினோடும், தபேலா மேதை சாகிர் உசேனோடும், கடம் விநாயக்ராமோடும் சேர்ந்து 'சக்தி' என்னும் குழுவிலே வாசித்தார். எல். சுப்பிரமணியம் யெகுதி மெனுகின், ஸ்டீபன் கிராப்பெலி போன்ற ஐரோப்பிய வயலின் மேதைகளுடன் மேடையிலும் இசைத்தட்டிலும் இணைந்தார். மூத்தவரான எல். வைத்தியநாதன் 1982இல் வெளிவந்த 'ஏழாவது மனிதன்' திரைப்படத்திலே பாரதி பாடல்களுக்கு இசையமைத்தார். ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு வந்து, சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த வயலின், உருமாறிய குரலோடு ஐரோப்பாவுக்கே திரும்பிச் சென்றது.

'சக்தி' குழுவின் இசையை நாம் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் அது பல நாட்டுக் கலைஞரை ஒரே மேடையில் அமர்த்தியதன்று. அங்கே ஒவ்வொருவரும் மற்றவருடைய இலக்கணத்தைக் கற்க முனைந்தனர். மக்லோக்லின் புகழின் உச்சியில் இருக்கையிலே எஸ். இராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். கமகம் பிடிக்க வேண்டுமென்பதற்காகத் தமது கிற்றாரின் மெட்டுகளுக்கிடையே உள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்குவித்து, நரம்பை ஆழ அழுத்தும் வகை செய்துகொண்டார். அதாவது, பாலுசுவாமி தீட்சிதரின் மரபிலே வந்தோர் வயலினுக்குச் செய்ததையே அவர் கிற்றாருக்குச் செய்தார். சங்கரும் பின்னர் வயலினின் எல்லை போதாதென்று கண்டு, இரு கழுத்தும் பத்து நரம்பும் கொண்ட புதிய வயலினொன்றை அமைத்துக்கொண்டார். சந்திப்பிலே இருதரப்பும் மாறின; கருவிகளும் மாறின. கேட்போரும் மாறினர். கிற்றாருக்காக வந்த மேலைநாட்டு இளைஞன் கடத்தின் சொற்கட்டுகளைக் கேட்கக் கற்றான். கீர்த்தனையை மட்டுமே அறிந்த நம் இரசிகன், தான் அறிந்த இராகம் அறியாத ஒலிகளின் நடுவே தலை நிமிர்ந்து நிற்பதைக் கேட்டு, அதன் வலிமையைப் புதிதாக உணர்ந்தான்.

இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். இன்று 'பியூஷன்' என்ற பெயரில் நடப்பனவற்றுட் பல இவ்வளவுகோலுக்கு நில்லா. ஒருவர் கல்யாணியைப் பாடுகிறார். இன்னொருவர் பக்கத்திலே மின்கிற்றாரை முழக்குகிறார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டு வீடு செல்கின்றனர். சந்திப்புக்கு முன்னர் இருந்தவாறே பின்னரும் இருவரும் இருப்பாராயின், அது ஒரே மேடையில் நடந்த இரண்டு கச்சேரிகளேயன்றிப் பரிவர்த்தனை ஆகாது. அவ்வாறே, பெரும் வணிக நிறுவனங்கள் ஒரே தாளக்கட்டில் வார்த்த பாடல்களை உலகின் மூலைமுடுக்கெல்லாம் விற்பதையும் 'உலக இசை உறவு' என்று நாம் கொண்டாட முடியாது. சந்தை வேறு, சந்திப்பு வேறு. ஒன்றிலே நாம் நுகர்வோர் மாத்திரமே. மற்றதிலே நமக்கும் கொடுப்பதற்கு ஏதோ உண்டு.

இசையிலே இனத்தூய்மை பேசுவோருக்கு ஹங்கேரிய இசைமேதை பேலா பார்ட்டொக் 1942ஆம் ஆண்டிலேயே பதிலிறுத்துவிட்டார். ஹங்கேரிய, உருமேனிய, ஸ்லோவாக்கிய, அரபு, துருக்கியக் குடியானவரின் பாடல்களை ஊர் ஊராகச் சென்று திரட்டியவர் அவர். பாசிசம் தம் நாட்டைச் சூழ்ந்தபோது 1940இல் நாட்டைத் துறந்து அமெரிக்கா சென்றார். அங்கிருந்து எழுதிய கட்டுரையொன்றிலே, கிழக்கைரோப்பிய நாட்டுப்பாடல்களின் செழுமைக்குக் காரணம் அம்மக்களிடையே இடையறாது நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலே என்று நிறுவினார். ஓர் இனத்தாரிடமிருந்து இன்னோர் இனத்தாருக்குச் செல்லும் மெட்டு, புதிய மொழியின் ஓசைக்கேற்ப உருமாறிப் புதுமெட்டாகிறது. வேலியடைத்துக்கொண்டால் வறுமையே மிஞ்சும் என்பது அவர் கண்ட முடிபு. இனத்தின் பெயரால் மனிதர் கொன்று குவிக்கப்பட்ட காலத்திலே ஓர் இசையாராய்ச்சியாளன் தன் துறையிலிருந்து எழுப்பிய எதிர்ப்புக்குரல் அது.

இக்கருத்தை நம் நாட்டிலே பொருத்திப் பார்க்க 1956ஆம் ஆண்டைவிடத் தக்க ஆண்டு கிடையாது. அவ்வாண்டின் நடுப்பகுதியிலே சிங்களம் மட்டும் அரச கரும மொழி என்னும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் கொழும்பிலே மேடையேறிற்று. சிங்கள நாடகத்தின் மறுமலர்ச்சி என்று இன்றளவும் போற்றப்படும் அந்நாடகம் எதனை அடியொற்றியது? 'நாடகம' என்னும் பழைய சிங்களக் கூத்து வடிவத்தை. அவ்வடிவமோ தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து, பெரும்பாலும் கத்தோலிக்க மக்கள் வாயிலாகக் கரையோரச் சிங்களக் கிராமங்களுக்குச் சென்றது. அதன் மெட்டுக்களிலே கர்நாடக இசையின் சாயல் தெளிவாகக் கேட்கும். பாராளுமன்றம் தமிழை வெளியே தள்ளிய ஆண்டிலே, சிங்களக் கலையின் பெருமை தமிழ்க் கூத்தின் மெட்டிலே எழுந்து நின்றது. அரசியல்வாதிகள் வேலி நட்டபோதும் மெட்டுக்கள் வேலிக்கு அடியால் வேரோடியிருந்தன.

அவ்வேர் அத்துடன் நின்றுவிடவில்லை. சரச்சந்திரவின் வெற்றியைப் பேராதனையிலே அருகிருந்து கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், படித்த தமிழர் 'படிப்பறிவற்றோரின் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கியிருந்த கூத்தை நோக்கித் திரும்பினார். மட்டக்களப்பு அண்ணாவிமாரின் ஆட்டத்தையும் பாட்டையும் மூலதனமாகக் கொண்டு பல்கலைக்கழக மாணவரைப் பயிற்றுவித்து, 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' (1968) ஆகியவற்றை மேடையேற்றினார். தமிழன் கொடுத்ததைச் சிங்களவன் போற்றி வளர்த்தான். அதைக் கண்ட தமிழன் தன் வீட்டு மூலையிலே தூசு படிந்திருந்ததைத் தேடி எடுத்தான். பிறர் கலையோடு கொள்ளும் உறவு நம் கலையை அழித்துவிடும் என்று அஞ்சுவோர் இவ்வுதாரணத்தை ஆழ்ந்து நோக்குவாராக. அயலானின் கண் வழியாகவே நாம் நம்மை மீண்டும் கண்டோம்.

கூத்தைப் போலவே 'கற்றோரின்' அலட்சியத்துக்கு ஆளான இன்னொரு கலை இசைநாடகம். அதன் உயிர்நாடியான ஆர்மோனியம் 1840களின் தொடக்கத்திலே பாரிஸ் நகரில் உருப்பெற்றது. கல்கத்தாவிலே துவாரகாநாத் கோஷ் அதனைத் தரையிலமர்ந்து கையால் துருத்தி ஊதி வாசிக்கத்தக்கதாக மாற்றியமைத்தார். பார்சி நாடகக் குழுக்களோடு அது தென்னாட்டு மேடைக்கு வந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) நாடக மரபோடு கடல் கடந்து இங்கும் வந்தது.

இக்கருவிக்கு எதிரிகள் பலர். ஆனந்த குமாரசுவாமி 1909ஆம் ஆண்டளவிலேயே ஆர்மோனியத்தையும் கிராமபோனையும் கடுமையாகக் கண்டித்தார். தாகூருக்கும் அது பிடிக்கவில்லை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கியே வைத்திருந்தது. இவர்கள் கூறிய குறை பொய்யன்று. ஆர்மோனியத்தின் சுரங்கள் கட்டையிலே இறுகிக் கிடப்பவை. அதிலே கமகம் பிறவாது. இயந்திரப் பொருளின் வரவால் கைவினைஞன் அழிவான் என்ற குமாரசுவாமியின் கவலையும் நியாயமானதே. ஆயின் அவர்கள் கேளாமல் விட்ட கேள்வியொன்று உண்டு: அக்கருவி யாருடைய கையில் இருந்தது, யாருக்காக ஒலித்தது? ஒலிபெருக்கியற்ற காலத்திலே, கோயில் வெளியிலும் வயல் வெளியிலும் விடிய விடியத் திரண்டிருந்த ஆயிரம் பேருக்குக் கேட்கும் வண்ணம் ஒரு நடிகனின் உச்சக்குரலுக்கு ஈடுகொடுத்து நிற்க வல்ல, விலை மலிந்த கருவி அதுவாகவே இருந்தது. சபா மண்டபத்தின் அளவுகோலைக் கொண்டு திறந்தவெளி அரங்கை அளத்தல் விமர்சனமாகாது.

காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924-1989) இவ்வரங்கிலே தோன்றிய மாபெரும் கலைஞர். அவருடைய 'வசந்தகான சபா' மேடையேற்றிய அரிச்சந்திரன் மயானகாண்டத்தைக் கேட்டழாத கிராமம் வடபகுதியிலே அரிது. ஆர்மோனியத்தினாற் பிறவாத கமகம் அவருடைய கண்டத்திலே பிறந்தது. கருவி சுருதியைப் பிடித்து நின்றது. கருவி விட்ட இடைவெளிகளையெல்லாம் மனிதக்குரல் நிரப்பியது. கர்நாடக இராகமும், பார்சி மெட்டின் வேகமும், நாட்டார் ஒப்பாரியின் கேவலும் அக்குரலிலே ஒன்றாயின. இராகத்தின் பெயரறியாத உழவனும் கடற்றொழிலாளியும் அந்த அரங்கிலேயே இராகங்களின் குணத்தை அறிந்தனர். சங்கீத வகுப்புக்குச் செல்லும் வசதியற்ற மக்களுக்கு இசைநாடகமே சங்கீதக் கல்லூரியாயிற்று.

1960களின் பிற்பகுதியிலே எழுந்த தமிழ்ப் பொப்பிசைக்கும் இவ்வாறே ஒரு நியாயம் உண்டு. போர்த்துக்கேயரும் அவர்களால் இங்கு கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற தாளத்திலிருந்து வளர்ந்த பைலாவை எடுத்து, நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று யாழ்ப்பாணப் பேச்சுமொழியிலே பாடினார். இலேசான விடயம், துள்ளும் தாளம். ஆழமான இசையென்று எவரும் சொல்லார். ஆனால் நம் வீட்டு முற்றத்துப் பேச்சும் பாடலாகலாம் என்ற துணிவை ஈழத்துத் தமிழ் இளைஞருக்கு அத்தாளம் கொடுத்தது. தமிழகத் திரைப்பாடலைத் திருப்பிப் பாடுவதே பாட்டு என்றிருந்த நிலையிலே அது சிறிய விடயமன்று.

இதுகாறும் கூறியவற்றை நண்பர் பலர் தயக்கமின்றி ஏற்றுக்கொள்வர். ஐரோப்பாவின் வயலினையும், பாரிசின் ஆர்மோனியத்தையும், ஏன், பைலாவின் தாளத்தையும் கூட வரவேற்பர். ஆனால் இங்கேதான் நாம் எழுப்ப வேண்டிய கடுமையான கேள்வி பிறக்கிறது. கடல் கடந்து வந்த கருவிக்குத் திறந்த நமது படலை, அடுத்த ஒழுங்கையிலிருந்து வந்த கருவிக்குத் திறந்ததா?

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுக்கும்போது பறையையும் யாழையும் ஒரே சூத்திரத்திலே வைக்கிறார். ஒரு நிலத்தின் வாழ்வை அறிய அதன் தெய்வத்தையும் உணவையும் போல அதன் பறையையும் அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. யாழின் பெயரை ஊருக்குச் சூட்டிப் பெருமை கொண்ட நாம் பறையை என்ன செய்தோம்? அதை ஒரு சாதியின் தலையிலே கட்டாயத் தொண்டாகச் சுமத்தினோம். இழவு வீட்டின் வாசலுக்கு வெளியே நின்று அடிக்கச் செய்தோம். அடித்தவனை மனிதனாகவும் அடிக்கப்பட்டதை இசையாகவும் ஏற்க மறுத்தோம். மயானத்திலே காவல் நின்ற அரிச்சந்திரனுக்காக மேடையின் முன்னிருந்து கண்ணீர் வடித்தவர்கள், விடிந்ததும் மயானம்வரை பறையடித்துச் செல்பவனைத் தம் கிணற்றிலே தண்ணீர் அள்ள விடவில்லை. 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கோரி நின்றபோது அவர்களைத் தடுத்து நின்றதும் இதே மனப்பான்மைதான். கோயிலின் உள்வீதியிலே வாசித்த நாதஸ்வர, தவில் வித்துவான்களுக்குங்கூட, பிரபுக்களின் வீடுகளிலே சமமான ஆசனம் கிடைத்ததில்லை.

அடிமைத் தொழிலாகத் திணிக்கப்பட்ட பறையைத் தூக்கியெறிந்தோரை நாம் குறை கூறவில்லை. அது சுயமரியாதையின் செயல். அவர்கள் எறிந்தது பறையையன்று, அதனோடு பிணைக்கப்பட்டிருந்த இழிவையே. இன்று பறை தமிழகத்திலும் இங்கும் எழுச்சியின் குரலாக மீண்டும் மேடையேறுகிறது. ஆணும் பெண்ணும் விரும்பிக் கற்கின்றனர். இது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் பறையை மேடையேற்றிவிட்டுப் பறையடித்தவனின் பேரப்பிள்ளையைப் பழைய கண்ணோடு பார்ப்போமாயின், அதுவும் இன்னொரு வகைக் களவேயாகும். மனிதருக்கிடையே சமத்துவம் இல்லாதவிடத்து இசைக்கிடையே பரிவர்த்தனை நிகழாது. ஒருவன் எடுப்பான், மற்றவன் இழப்பான். மக்லோக்லின் இராமநாதன்முன் மாணவராக அமர்ந்தாரே, அவ்வாறு நம் சங்கீத பூஷணங்களுள் எத்தனை பேர் ஓர் அண்ணாவியார்முன், ஒரு பறைக் கலைஞர்முன் மாணவராக அமர்ந்திருக்கின்றனர்? உலக இசையுறவு பற்றிய நமது பேச்சின் நேர்மையை இக்கேள்வியே அளந்து காட்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலே கடமை உண்டு. வயலின் பயிலும் மாணவிக்கு அது வந்த வழியைச் சொல்லிக்கொடுப்போம். தன் கையிலிருப்பது இத்தனை நாட்டாரின் உழைப்பு என்றறிந்த பிள்ளை அயலானை வெறுக்கத் துணியாது. 'மனமே'யின் மெட்டைத் தமிழ் மாணவரும், அம்மெட்டின் தமிழ் மூலத்தைச் சிங்கள மாணவரும் கேட்க வழி செய்வோம். அண்ணாவியாரையும் தவில்காரரையும் பறைக் கலைஞரையும் கலைவிழா நாளிலே பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், வகுப்பறைக்குள்ளே அழைத்து ஆசிரியருக்குரிய நாற்காலியிலே அமர்த்துவோம். பரீட்சைத் தாளுக்கு அப்பாலும் இசை உண்டு என்பதை மாணவர் அவர்கள் வாயிலாக அறியட்டும்.

1958இலே அந்த வயலின் குடும்பம் இந்நாட்டைவிட்டுச் சென்றபோது நாம் இழந்தது சில கலைஞரை மட்டுமன்று. அவர்களிடம் கற்றிருக்கக்கூடிய ஒரு தலைமுறையையே இழந்தோம். இனத்தின் பெயரால் நட்ட வேலி அதனைச் செய்தது. சாதியின் பெயரால் நாமே நட்ட வேலியால் எத்தனை தெட்சணாமூர்த்திகளை இழந்தோம் என்பதற்குக் கணக்கேயில்லை. முதல் வேலியைப் பிறர் நட்டனர் என்று குற்றஞ்சாட்டலாம். இரண்டாவது வேலியின் கதியால்கள் நம் வளவிலேதான் நிற்கின்றன. அவற்றைப் பிடுங்குவதற்கு எந்தப் பாராளுமன்றத்தின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை.